ரேடியோ வாய் மூடிய பயணம்

சகேலே ஹடேபே எங்கே என்று லேடிஸ்மித் வேன் நிறுத்தத்தில் கேட்டால் விழிப்பார்கள். ரேடியோ எங்கே என்று கேட்டால் நாலு பேர் கை காட்டுவார்கள். வண்டியைக் கிளப்பியதும் பேச ஆரம்பிப்பான், கடைசி ஆள் இறங்கும்வரை நிறுத்த மாட்டான். யார் வீட்டு மாடு யார் வேலியைத் தாண்டியது, எந்தப் பாதிரியார் பல் கட்டியிருக்கிறார், மழை ஏன் வரவில்லை, எல்லாம் அவன் வண்டியில் இலவசம். அவன் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் பயணிகள் இறங்குமிடத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். நர்ஸ் படிப்பு கிடையாது, பராமரிப்புப் பயிற்சி உண்டு. ஊருக்கு நான் சிஸ்டர். சகேலேயின் அம்மா மாஷேசி படுத்த படுக்கையானதும் அந்த வீட்டுக்கு அன்றாடம் போனேன். புண் வராமல் புரட்டிப் போடுவது, துடைப்பது, புளித்த பாலைக் கரண்டியால் ஊட்டுவது என் வேலை. அவளுக்குக் கண் போய்விட்டது. காது மட்டும் நாய்க்குக் கேட்பதுபோல் கேட்கும்.

அதிவேக ரயில் வந்தபோது சகேலேயின் டர்பன் ஓட்டம் போயிற்று. ஸ்டேஷனிலிருந்து கிராமங்களுக்கு ஆள் ஏற்றும் வேலைதான் மிஞ்சியது. அதற்காக அந்த ரயிலை அவன் திட்டாத நாள் இல்லை.

"முன்னாடி ஒரு ஆளு இல்லாம ஓடுறதுக்குப் பேரு வண்டியா சிஸ்டர்? அதுக்குப் பேரு ஓடிப்போன வண்டி. என் சோத்தையும் தின்னுட்டு, ஆளைக் கொண்டாந்து என்கிட்டயே இறக்கி விடுது பாருங்க, கொழுப்பு!"

செத்தாலும் அதில் ஏற மாட்டேன் என்று சொல்லித் திரிந்தான். அவன் தம்பி டுமாவுக்கோ அந்த ரயில் உயிர். டுமா ஜோகன்னஸ்பர்க்கில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வெள்ளிக்கிழமை காலையில் ஏறினால் மதியம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோளக்களி தின்பான். தின்றுவிட்டு அங்கேயே தூங்குவான். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற பிள்ளை அவன்.

ஒரு வெள்ளிக்கிழமை டுமா இறங்கவில்லை. சகேலே ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நின்றான். டுமாவின் போன் அடித்தது, எடுப்பாரில்லை. அடுத்த ரயிலுக்கும் நின்றான், அதற்கடுத்ததற்கும் நின்றான்.

டுமா ரயிலில்தான் இருந்தான். ஜன்னல் பக்கம் தலை சாய்ந்திருந்தது. ரயில் லேடிஸ்மித்தில் நின்றது, கதவைத் திறந்தது, மூடியது, டர்பன் போனது, திரும்பியது, மறுபடி வந்தது. இருக்கைக் கைப்பிடியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். அன்று முழுக்க அவன் இருக்கையில் பச்சைதான். பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போனவர்கள் எல்லோரும் மனுஷன் அசந்து தூங்குகிறான் என்றே நினைத்தார்கள். சாயங்காலம் டர்பனில் பெட்டி துடைக்க வந்த பெண் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். எந்த இடத்தில் என்று கேட்டோம். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் என்றார். அவர் சொன்னது நேரத்தை. எங்களுக்கு வேண்டியது இடம். அந்த நேரத்துக்குள் அந்த ரயில் மலையேறி, மலையிறங்கி, கடலையும் பார்த்துவிடும்.

உடம்பைக் கொண்டுவந்து புதைத்தோம். ஆனால் எங்கள் வழக்கத்தில், வெளியே செத்தவனை உடம்போடு கொண்டுவந்தால் போதாது. செத்த இடத்துக்கு இலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே அழைத்துவர வேண்டும். கிளை ஏந்துபவன் வழியில் செத்தவனோடு மட்டும்தான் பேசலாம். இப்போது வண்டி ஏறுகிறோம், இப்போது ஆறு தாண்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். உயிரோடு இருக்கிற யாரோடும் ஒரு வார்த்தை கூடாது. பேசினால் வருகிறவன் வழி தவறுவான்.

மாஷேசி பிடிவாதமாக இருந்தாள்.

"அவன் வெளியில நிக்கிறான். குளிருதுன்னு கனவுல சொல்றான். அவனை உள்ள கூட்டிட்டு வாங்க. அப்புறம் நான் போறேன்."

அவள் போகிற நிலையில்தான் இருந்தாள். கால் வீங்கிவிட்டது, மூச்சில் ஈரச் சத்தம். இப்படிப்பட்டவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிடித்த பிடி அவர்களையும் வதைக்கும், பார்த்துக்கொள்பவர்களையும் வதைக்கும்.

டுமாவை எந்த இடத்தில் போய்க் கூப்பிடுவது? குடும்பம் கூடிப் பேசியது. டர்பன் பிளாட்பாரம் என்றார் ஒருவர். அங்கே போகும்போது அவன் செத்துச் சில்லிட்டிருந்தான், அது எப்படிச் செத்த இடமாகும் என்றார் இன்னொருவர். கடைசியில் அவர்கள் சித்தப்பா ஃபனா தடியைத் தரையில் ஊன்றினார்.

"அவன் செத்தது ஒரு சீட்டுல. சீட்டு ஓடினா இடமும் ஓடும். அந்தச் சீட்டுக்குப் போங்கடா."

ஃபனாவின் மகள் நொக்வாசி லேடிஸ்மித் ஸ்டேஷனில் உதவி மேசையில் இருந்தாள். எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்று அவள் பார்த்துச் சொன்னாள். கிளை ஏந்த மூத்தவன்தான் வேண்டும். மூத்தவன் ரேடியோ.

நிறுத்தத்து ஓட்டுநர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ரேடியோவா? வாயைத் திறக்காமலா? அண்ணே, தம்பியை மலைக்கு மலை விட்டுட்டு வரப் போறீங்க!"

"டேய், என் வாய் என் வண்டி மாதிரி. பிரேக் இருக்கு. இதுவரைக்கும் தேவைப்படல, அவ்வளவுதான்."

அவனுக்காகப் பேச ஒரு ஆள் கூடப் போக வேண்டும். வளவளக்காத ஆள் என்று என்னைச் சொன்னார்கள்.

வேறொருவர் வேனில் டர்பன் போனோம். அங்கிருந்து கிளம்பும் அந்த ரயிலில் மூன்று டிக்கெட். எனக்கு ஒன்று, சகேலேக்கு ஒன்று, டுமாவுக்கு ஒன்று. டுமாவின் டிக்கெட் அட்டையைச் சகேலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஜன்னலோர இருக்கையில் கிளையை வைத்தான். இலந்தையில் ஒரு முள் நேராக இருக்கும், அடுத்தது பின்னால் வளைந்திருக்கும். வளைந்த முள் இருக்கைத் துணியைப் பற்றிக்கொண்டது. குனிந்து, "டுமா, நான்தான், அண்ணன். வீட்டுக்குப் போவோம் வா" என்றான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

ரயில் கிளம்பியது தெரியவில்லை. தூண்கள் நகர ஆரம்பித்ததால்தான் தெரிந்தது. ஆட்டம் இல்லை, தடதடப்பு இல்லை. முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் யாருடைய தொப்பியும் இல்லை, வெறும் வானம். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பிணவறையில்தான் அப்படி இருக்கும். சகேலே கிளையைப் பார்த்து முணுமுணுத்தபடி வந்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்துருச்சு, மலை வருதுடா, சுரங்கத்துக்குள்ள போறோம்டா, பயப்படாதே.

சுரங்கத்துக்குள் காது அடைத்தது. என் வயதில் மூத்திரப்பை யாரைக் கேட்டும் வேலை செய்யாது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது சகேலேயின் முகம் சாம்பலாக இருந்தது. பக்கத்துப் பெண் என்னிடம் சொன்னாள்:

"உங்களோட வந்தவர் பேசவே மாட்டார்னு சொன்னீங்களேம்மா. இப்ப ரயிலோட பேசினாரே."

நடந்தது இதுதான். கிளைக்கு எடை இல்லை. அதனால் டுமாவின் இருக்கை விளக்கு மஞ்சளாகவே இருந்தது. டிக்கெட் வாங்கியவர் வரவில்லையோ, இருக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்க ரயில் வாய் திறந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் காதருகே ஒரு குரல் உண்டு. எங்கள் ஸூலு மொழியில் நன்றாக, தணிந்து பேசும். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் குலப்பெயரால் கூப்பிட அதைப் பழக்கியிருந்தார்கள். "புங்கானே" என்று அது கூப்பிட்டது. ஹடேபேக்களின் பாட்டன் பெயர் அது. அந்தப் பெயரால் கூப்பிட்டு ஒரு ஹடேபே பதில் சொல்லாமல் இருந்தால், கூப்பிட்டவர் முகத்தில் துப்பியது மாதிரி. சகேலேயின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"புங்கானே, உங்கள் பக்கத்தில் இருப்பவர் வந்துவிட்டாரா?"

"இருக்கான்ப்பா. தூங்குறான்."

விளக்கு பச்சையானது.

லேடிஸ்மித்தில் இறங்கக் கிளையை எடுத்தான். நான் விளக்கைப் பார்த்தேன். பச்சையாகவே இருந்தது. வாசல் தடுப்பில் டுமாவின் அட்டையைக் காட்டியபோது கதவு திறந்தது. யாரும் கடக்காததால் மூடிக்கொண்டு சிவப்புக் காட்டியது. காவலாளி சிரித்து, "பரவாயில்ல, போங்க" என்று கையசைத்தார். போனோம்.

வீட்டில் முன்னோர் இடமான பின்சுவர் ஓரம் கிளையை வைத்தார்கள், மூலிகைப் புகை போட்டார்கள், ஆடு அறுத்தார்கள். மாஷேசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒருத்தன் காலடிதான் கேட்டுச்சு," என்றாள்.

அப்போதுதான் சகேலே ரயிலோடு பேசியதை எல்லோர் முன்னும் சொன்னான். அது மெஷின்தானே, உயிருள்ள ஆளா என்றார்கள் சின்னவர்கள். ஃபனா தலையை ஆட்டினார்.

"உயிருள்ளதா இல்லையாங்கிறது என் கவலை இல்ல. நீ என்னடா சொன்னே அதுகிட்ட?"

"தூங்குறான்னு சொன்னேன் சித்தப்பா."

"அவன் காதுல விழற மாதிரி?"

சகேலே பின்சுவரோரம் கிடந்த கிளையைப் பார்த்தான்.

"அன்னிக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. தூங்குறான், தூங்குறான்னு. ஊரு வந்தும் யாரும் எழுப்பல. இப்ப கூட்டிட்டு வரப் போன நீயும் தூங்குடான்னு சொல்லிட்டு இறங்கிட்டே."

அன்றிலிருந்து மாஷேசி சாப்பிடவில்லை. உதட்டை நனைத்துவிடுவதோடு சரி. சகேலே வண்டி ஓட்டினான், ஆனால் வண்டியில் சத்தம் இல்லை. பயணிகள் பழக்கதோஷத்தில் காத்திருந்து, பிறகு சங்கடமாக ஜன்னலைப் பார்த்தார்கள். ரேடியோ பேசாததைவிட தன்னைத் திட்டினவனை ரயில் திருப்பியடித்தது என்ற கதைதான் நிறுத்தத்தில் அதிகம் ஓடியது.

சில நாளில் நொக்வாசி வேலை உடுப்போடு நேராக அந்த வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த சீட்டை எங்களால விக்க முடியல. கம்ப்யூட்டர் ஆள் இருக்குன்னு சொல்லுது. டுமா அண்ணன் டிக்கெட் இன்னும் உள்ளயே இருக்கு. வெளிய வந்த கணக்கு இல்ல."

"கதவு மூடிக்கிச்சே, அதனால."

"இருக்கலாம். ஆனா லேடிஸ்மித் வரும்போதெல்லாம் அந்தக் காலி சீட்டைப் பார்த்து, 'புங்கானே, உங்க ஊர் வந்துருச்சு'ன்னு சொல்லுது. ஒவ்வொரு தடவையும். பக்கத்துல உட்கார்ந்தவங்க எழுந்து வேற பெட்டிக்குப் போறாங்க. மாசக் கடைசியில ரயிலைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் உள்ள இருக்கிற கணக்கு எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

மாஷேசி படுக்கையிலிருந்து, "யாரை அழிப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் அவள் நாடியைப் பார்த்தேன். மாசக் கடைசிவரை அவளும் தாங்க மாட்டாள் என்று தெரிந்தது. சகேலேயை வெளியே கூப்பிட்டு அப்படியே சொன்னேன். இதில் சுற்றி வளைக்க எதுவும் இல்லை.

மறுநாளே புதுக் கிளை வெட்டிக்கொண்டு மறுபடி டர்பன் போனோம். இம்முறை எனக்கும் அவனுக்கும் மட்டும் டிக்கெட். டுமாவுக்குப் பழைய அட்டையே இருந்தது.

பெட்டியில் நாங்கள்தான் முதலில் ஏறினோம். எல்லா இருக்கையிலும் மஞ்சள். அந்த ஒன்றில் மட்டும் பச்சை. காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை இருக்கையில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மற்றவை குளிர்ந்திருந்தன. ஆள் இருக்கும் இருக்கையைச் சூடாக்க உள்ளே கம்பி உண்டு, ஆள் இருப்பதாக நினைத்துச் சூடாக்கியிருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சகேலேயிடம் சொல்லவில்லை. ஆனால் கிளையை வைக்கும்போது அவன் கை அந்தத் துணியில் பட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இம்முறை நான் அரைக் கோப்பை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் குரல் வந்தது.

"புங்கானே, நலமாக இருக்கிறீர்களா?"

சகேலே கீழுதட்டைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. குலப்பெயருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவனுக்கு வாந்தியை அடக்குவது போல் இருந்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் சாய்ந்து, "அவரு பேச மாட்டாரு. விட்டுடு" என்றேன்.

"நன்றி, அம்மா," என்றது குரல். "நான் ஜன்னல் பக்கம் இருப்பவரைக் கேட்டேன்."

ஜன்னலில் இருட்டும் கிளையின் நிழலும்தான் இருந்தன. பெட்டியில் யாரும் இருமவில்லை. குரல் காத்திருந்தது. பேசி முடிக்கும்வரை எதிராளிக்கு இடம் விடுபவர்கள் காத்திருப்பார்களே, அவ்வளவு நேரம். பிறகு, "நல்லது," என்றது.

எந்தச் சத்தத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டதோ தெரியாது. காற்று அடைக்கும் சத்தமாக இருக்கலாம்.

சுரங்கம் முடிந்து வெயில் வந்தது. சகேலே கிளையிடம் விடாமல் பேசினான். உயிருள்ளவர்களிடம் இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினான். அம்மா சாப்பிட மாட்டேங்குறா. சித்தப்பா திட்டுறாரு. சிஸ்டர் உன் சீட்டைத் தொட்டுப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, நான் பார்த்தேன். உன் சிவப்பு மாடு கன்னு போட்டுருச்சு, நான் சொல்லவே இல்ல பாரு.

லேடிஸ்மித் நெருங்கியது.

"புங்கானே, உங்கள் ஊர் வந்துவிட்டது."

சகேலே எழுந்தான். கிளையின் தண்டைத் தோளைப் பிடிப்பதுபோல் பிடித்து உலுக்கினான்.

"டுமா! எழுந்திரு. எழுந்திருடா, ஊரு வந்துருச்சு. தூங்கினது போதும். நான் அன்னிக்கித் தப்பா சொல்லிட்டேன். எழுந்திரு!"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இலைகள் உதிர்ந்தன. நான் கைப்பிடியைப் பார்த்தேன். பச்சை அணைந்தது. மஞ்சள் வந்தது.

வாசல் தடுப்பில் முதலில் டுமாவின் அட்டையைக் காட்டினான். கதவு திறந்தது. கிளையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அவன் அசையாமல் நின்றான். போன தடவை உடனே மூடிய கதவு இம்முறை நின்றது. பின்னால் வரிசை சேர்ந்தது. "பெரியவரே, போங்க, என்ன வேடிக்கை?" என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஒரு ஆள் கடந்து போனால் எப்படிப் போவாரோ அந்த அவகாசத்தில் கதவு மூடியது. சிவப்பு வரவில்லை. பலகையில், "போய் வாருங்கள், புங்கானே" என்று வந்தது. கிளை நீண்டிருந்ததால் கணக்கில் எடுத்திருக்கும் என்று நொக்வாசி பிறகு சொன்னாள். இருக்கலாம்.

வேனில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டோம். கிளிப் ஆற்றுப் பாலம் வந்தபோது சகேலே, "ஆறு தாண்டுறோம்டா" என்றான்.

வட்ட வீட்டுக்குள் அவன் குனிந்து நுழைந்ததும், நாங்கள் யாரும் எதுவும் சொல்லுமுன் மாஷேசி தலையைத் திருப்பினாள். அவள் முகம் சகேலே நின்ற பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு இடப்புறம், யாரும் இல்லாத இடத்துக்குத் திரும்பியது.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

சகேலே கிளையைப் பின்சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தான். இப்போது அவன் யாரிடமும் பேசலாம்.

"தூங்கிட்டான்மா. எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

"எழுப்பலேன்னா அவன் எழுந்திருக்க மாட்டான்," என்றாள் அவள். பிறகு என்னிடம் புளித்த பால் கேட்டாள். மூன்று கரண்டி குடித்தாள். அந்த வாரமே போய்விட்டாள், இழுக்காமல். குளிப்பாட்டியது நான்தான். பிடித்திருந்த கை விட்டிருந்தது, விரல்களை நிமிர்த்த வேண்டிய வேலை இருக்கவில்லை.

அந்த இருக்கையை இப்போது விற்கிறார்கள். கண் டாக்டரைப் பார்க்க டர்பன் போனபோது நானே அதில் உட்கார்ந்தேன். நல்ல இருக்கை. குரல் என்னையும் என் குலப்பெயரால் கூப்பிட்டது. நான் பதில் சொல்லவில்லை. மரியாதை கெட்ட கிழவி என்று அது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சகேலே பழையபடி பேசுகிறான். மாடு, பாதிரியார், மழை, ரயிலைத் திட்டுவது உட்பட எல்லாம் திரும்பிவிட்டது. ஒன்று மட்டும் புதிது. அவன் வண்டியில் யாரும் தூங்க முடியாது. ஒரு தலை சாய்வதைக் கண்ணாடியில் பார்த்தால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு, வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்து தோளைப் பிடித்து உலுக்குவான். இரவு வேலை முடித்து வரும் பெண்கள் சண்டை போடுகிறார்கள். ஓட்டுநர்கள் சிரிக்கிறார்கள். போன மாதம் என்னையும் உலுக்கினான்.

"முழிச்சுத்தான்டா இருக்கேன். கண்ணை மூடினேன், அவ்வளவுதான்," என்றேன்.

"வாயால சொல்லுங்க சிஸ்டர்," என்றான். "சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தான்.